நூலகத் தொண்டர் அரங்கநாதனார்

காவிரி கடலொடு கலக்கும் கீழ்க்கரை, நூலுக்கும் நூலோர்க்கும் பெயர்பெற்ற நிலமாகும். காரைக்கால் அம்மையார் தோன்றிய ஊரினின்றும் கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்வோர்க்கு முதலில் தரங்கம்பாடி எதிர்ப்படும். டேனியர் கோட்டை எடுப்பித்த அவ்வூரில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழ் நூல்கள் அச்சேறின. அதனைக் கடந்தால் திருக்கடையூர். அதற்கும் அப்பால் சிலப்பதிகாரம் போற்றும் பூம்புகார். சற்றே மேற்கில் ஒதுங்கி நிற்பது ஞானசம்பந்தர் அவதரித்த சீர்காழி. அந்தச் சீர்காழியிலே வளர்ந்த ஒருவர், நூல்களை எழுதியதனால் மட்டுமன்றி, பிறர் எழுதிய நூல்களை எல்லாருடைய கைகளிலும் கொண்டு சேர்த்தமையாலும் உலகப் புகழ் பெற்றார். அவரே சீர்காழி இராமாமிருதம் அரங்கநாதன் ஆவார். எஸ். ஆர். ரங்கநாதன் என்றால் நூலகத் துறையினர் எந்நாட்டவராயினும் அறிவர்.

அரங்கநாதனார் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிறந்தார். அத்திங்களின் 12-ஆம் நாளை நூலகர் நாள் என இந்தியா முழுவதும் கொண்டாடுகின்றனர். தந்தையார் இராமாமிருத ஐயர் ஓரளவு நிலபுலம் உடையவர். இராமாயணத்தை நண்பர் கூட்டத்திற்கு எடுத்துரைப்பதில் விருப்பமுடையவர். மகனுக்கு ஆறு வயது நிரம்புமுன்னரே, 1898-இல், அவர் இறந்துபட்டார். தாயார் சீதாலட்சுமி அம்மையாரும் பாட்டனாரும் சிறுவனை வளர்த்தனர். உடல்நலக் குறைவு இளமையிலேயே அவரை வருத்தியது. பேசும்போது நா திக்கும் குறையும் இருந்தது. பின்னாளில் பல நாட்டு அவைகளில் மணிக்கணக்காகப் பேசிய ஒருவருக்குப் பள்ளியில் நான்கு சொற்களைத் தடையின்றிச் சொல்வது அரிதாயிருந்தது என்பதை எண்ணும்போது வியப்பே மேலிடுகின்றது.

சீர்காழி உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்து, கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். எட்வர்டு ராஸ் என்னும் கணிதப் பேராசிரியர் அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தார். ஆசிரியப் பயிற்சியும் பெற்றபின் 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய ஊர்களின் அரசினர் கல்லூரிகளில் கணிதம் பயிற்றுவித்தார். மாணவர்க்குப் பாடத்தைக் கட்டளையிட்டு எழுதுவிப்பதை அவர் விரும்பியதில்லை. அவர்களையே தேடச் செய்து, தேடியதை ஆராயச் செய்து, கற்கும் வழியைக் காட்டினார். மாணவர் சூழ இருப்பதே அவருக்கு இன்பம். ஊழ் அவரை வேறொரு வழியில் இட்டுச் சென்றது.

சென்னைப் பல்கலைக் கழகம் தன் நூல் நிலையத்திற்கு ஒரு நூலகரை நியமிக்க எண்ணியது. விண்ணப்பித்தவர் பலர், நூலகப் பயிற்சி உடையவர் அவருள் ஒருவரும் இலர். நண்பர் வற்புறுத்த, அரங்கநாதனாரும் விண்ணப்பம் அனுப்பிவிட்டுப் பின் அதனை மறந்தே போனார். நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும், கலைக்களஞ்சியம் ஒன்றில் நூலகம் பற்றிய கட்டுரையை எடுத்துப் படித்துக்கொண்டு சென்றார். அன்று அத்துறையில் அவர் பெற்றிருந்த அறிவு அவ்வளவே. ஆயினும் பதவி அவருக்கே கிடைத்தது. 1924-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார்.

அமர்ந்த சின்னாட்களுக்குள் அவர் மனம் சோர்ந்தது. வகுப்பறையின் ஆரவாரம் எங்கே, இந்த மண்டபத்தின் அமைதி எங்கே! நூல்கள் அலமாரிகளில் பூட்டுண்டு கிடந்தன. கேட்போர் அரியர், கேட்டாலும் உரிய நூலை எடுத்துத் தருதல் எளிதன்று. நாள் முழுதும் வாளா இருத்தல் அவர்க்குச் சிறைவாசம் போலாயிற்று. முன்னைக் கல்லூரி முதல்வரை அணுகித் தம்மைப் பழைய வேலைக்கே திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு வேண்டினார். முதல்வர் உலகியல் அறிந்தவர். பல்கலைக் கழகம் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்ப இருக்கின்றது. சென்று கண்டு வருக. வந்தபின்னும் மனம் ஒட்டாதாயின் கணித வேலை காத்திருக்கும் என்று கூறி அனுப்பினார். அந்த ஓர் உடன்பாடு இல்லையாயின், நம் நாட்டு நூலகங்களின் வரலாறு வேறாயிருக்கும்.

இலண்டன் பல்கலைக் கல்லூரியில் நூலகப் பள்ளி ஒன்று இருந்தது. அரங்கநாதனார் அங்கே பாடம் கேட்டார். சேயர்சு என்னும் அறிஞர் நூல்களை வகைப்படுத்தும் கலையைக் கற்பித்தார். அவர் பொறுப்பிலிருந்த குராய்டன் நகர நூலகத்தைக் கண்ட அன்றே அரங்கநாதனாரின் கண் திறந்தது எனலாம். அங்கே பள்ளிச் சிறுவர் தமக்குரிய பகுதியில் அமர்ந்து படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர். தொழிலாளி வேலை முடிந்து வரும் வழியில் நூலெடுத்துச் சென்றார். இல்லத்தரசியர் வந்து தாமே அலமாரிகளைத் துருவி வேண்டியதைத் தேர்ந்தனர். கற்றார்க்கு மட்டுமே உரியதென்று தாம் கருதியிருந்த நூலகம், ஊர்க் கிணறு போல எல்லார்க்கும் பொதுவாய் இருக்கக் கண்டார். அந்நாட்டில் தங்கியிருந்த சில திங்களில் மேலும் பல நூலகங்களைத் தேடிச் சென்று பார்வையிட்டார். ஆசிரியத் தொழிலைத் துறந்ததனால் மாணவரை இழந்துவிட்டோம் என வருந்தியவர், ஓர் ஊரையே மாணவராகப் பெறலாம் என்பதை உணர்ந்தார். கல்லூரிக்குத் திரும்பும் எண்ணம் அத்துடன் அகன்றது.

அந்நாளில் மற்றொன்றும் நிகழ்ந்தது. நூல்களைப் பகுப்பதற்கு அமெரிக்கரான தூயி என்பார் 1876-இல் வெளியிட்ட பதின்ம முறையே பெரிதும் வழக்கில் இருந்தது. அது உலக அறிவு முழுவதையும் முன்கூட்டியே பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணிட்டு வைப்பது. புதிதாகத் தோன்றும் பொருளுக்கு அதில் இடம் காண்பது கடினம். இந்தியப் பொருள்களுக்கோ அதில் இருந்த இடம் மிகச் சிறிது. இக்குறை அரங்கநாதனாரின் உள்ளத்தை அரித்துக்கொண்டிருந்தபோது, இலண்டனில் பெரிய கடை ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட சில தகடுகளும் ஆணிகளுமே அதன் உறுப்புகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டிப் பாலமும் செய்யலாம், வண்டியும் செய்யலாம், பாரந்தூக்கியும் செய்யலாம். நூற்பொருளையும் இவ்வாறே சில உறுப்புகளாகப் பிரித்து, வேண்டுமிடத்துப் பூட்டினால் என்ன என்ற எண்ணம் அங்கே பிறந்தது.

இதனை நம் நிலத்துக்கேற்ற ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தஞ்சை மாவட்டத்தில் 20-ஆம் நூற்றாண்டில் நெற்பயிருக்கு உண்டாகும் நோயைத் தடுத்த வரலாறு பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். இதில் நெல் என்பது ஓர் உறுப்பு, நோய் மற்றோர் உறுப்பு, தடுத்தலாகிய வினை வேறோர் உறுப்பு, தஞ்சை இடம், நூற்றாண்டு காலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. குறியீடுகளைக் கோத்தால் நூலின் எண் தானே அமைந்துவிடும். நெல்லுக்கு மாறாகக் கரும்பு என்றால் அந்த ஒரு குறியை மட்டும் மாற்றினாற் போதும். உறுப்புகளை இணைக்க அவர் தொடக்கத்தில் முக்காற்புள்ளியைக் கையாண்டமையால், ஆங்கிலத்தில் அப்புள்ளிக்குரிய பெயரையே சேர்த்துக் கோலன் பகுப்பு முறை என்று வழங்கினர். 1933-இல் அது நூலாக வெளிவந்தது. சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை எனப் பிரித்துக் காணும் பகுபத இலக்கணம் பயின்ற தமிழ் மாணவர்க்கு இம்முறை புதியதாகத் தோன்றாது.

1925-இல் தாயகம் திரும்பினார். திரும்பியவர் முதற்கண் செய்தது பூட்டுகளைத் திறந்ததே. படிப்போர் தாமே அலமாரியை அணுகி நூலைத் தொட்டுப் புரட்டித் தேரலாம் என ஏற்பாடு செய்தார். நூல்கள் களவு போகும் என்று அஞ்சினோர் பலர். சில நூல்கள் போனாலும் போகட்டும், எல்லா நூல்களும் படிப்பாரின்றிக் கிடப்பதைவிட அது சிறிய இழப்பே என்பது அவர் கொள்கை. நூலகம் திறந்திருக்கும் நேரத்தையும் மிகுவித்தார். வருவோரை எதிர்கொண்டு, அவர் வேண்டுவது இன்னதென உசாவி, உரிய நூலைக் காட்டி உதவுதற்கென்றே ஆள்களை அமர்த்தினார். பேரறிஞரேயன்றிப் பேதை மாணவனும் அங்கே மதிப்புடன் நடத்தப்பெற்றான். 1936-இல் கடற்கரையை நோக்கிய சேப்பாக்கத்தில் பல்கலைக் கழக நூலகத்துக்குத் தனிக் கட்டடம் எழுந்தது.

நூலைப் பூட்டி வைத்தல் நம் நாட்டின் பழைய நோய் என்பதையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். ஏட்டுச்சுவடிகளைப் பட்டில் பொதிந்து பரணில் ஏற்றி வழிபட்டனரேயன்றி, அவிழ்த்துப் படித்தோர் சிலரே. கறையானுக்கும் வெள்ளத்துக்கும் இரையானவை எத்தனையோ. குடந்தையில் ஆசிரியராயிருந்த சாமிநாத ஐயர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும், பின்னும் ஊர் ஊராய் ஏடு தேடி அலைந்ததும் அனைவரும் அறிந்ததே. ஐயர் அழிவினின்றும் நூல்களைக் காத்தார். அதே காவிரி நாட்டிலிருந்து வந்த அரங்கநாதனார் சிறையினின்றும் அவற்றை மீட்டார். இந்நோய் நம்மவர்க்கே உரியதுமன்று. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் 1827-இல் பொது நூலகம் ஒன்றை நிறுவினார். பெயரளவில் பொதுவாயினும் தொடக்கத்தில் ஐரோப்பியரே அதனுட் புகலாம். அது யாவர்க்கும் திறக்கப்படுவதற்குப் பத்தாண்டுகள் சென்றன.

1928-ஆம் ஆண்டு அரங்கநாதனாருக்கு ஆக்கமும் இழப்பும் ஒருங்கே தந்தது. அவ்வாண்டு தொடக்கத்தில் அன்பர் பலர் கூடிச் சென்னை நூலகச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அவர் அதன் செயலாளரானார். நூலகக் கலையின் அடிப்படைகளைச் சில விதிகளாகத் தொகுக்க வேண்டுமென்று நெடுநாளாக முயன்றும் முதல் விதி பிடிபடவில்லை. ஒருநாள் பழைய ஆசிரியர் ராஸ் வந்தார். மாணவரின் குழப்பத்தைக் கேட்டு, நூல்கள் பயன்கொள்வதற்கே இருக்கின்றன என்பதன்றோ உன் கருத்து என்று இயல்பாகச் சொல்லிப் போனார். ஏனைய விதிகள் அதனைப் பற்றிக்கொண்டு தாமே வந்தன. படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்கேற்ற நூல் கிடைத்தல் வேண்டும். எந்த நூலும் தன்னைப் படிப்பாரைப் பெறாமல் கிடத்தலாகாது. படிப்போரின் பொழுதை வீணாக்கலாகாது. நூலகம் உயிருள்ள பொருள்போல் வளர்ந்துகொண்டே இருக்கும். இவை பார்வைக்கு எளியன. ஆனால் முதல் விதியை ஒப்புக்கொண்டால் பூட்டு நிற்காது. இரண்டாவதை ஒப்புக்கொண்டால் ஏழை என்றும் பெண் என்றும் சிற்றூரான் என்றும் எவரையும் விலக்க இயலாது.

நவம்பரில் திருவல்லிக்கேணியில் நேர்ந்த விபத்தொன்றில் அவர்தம் வாழ்க்கைத் துணைவியார் உருக்குமணி அம்மையார் உயிர் நீத்தார். துயரம் ஆறாத நிலையிலும், ஆண்டு முடியுமுன் சிதம்பரத்து மீனாட்சிக் கல்லூரியில் ஆசிரியர் கூட்டத்தின்முன் அவ்வைந்து விதிகளையும் விரித்துரைத்தார். 1931-இல் அவை நூலாயின. 1929-இல் சாரதா அம்மையாரை மணந்தார். நூலகருக்குப் பயிற்சி தரும் பள்ளியும் அவ்வாண்டிலேயே சங்கத்தின் சார்பில் தொடங்கியது.

நகரத்து நூலகத்தைத் திறந்தாயிற்று. சிற்றூரார் என் செய்வர்? அவர் நகருக்கு வந்து நூல் பெறுதல் இயலாது. ஆதலின் நூலே அவரிடம் செல்லுதல் வேண்டும் என்பது அரங்கநாதனாரின் துணிபு. மேனாடுகளில் இயந்திர ஊர்திகளில் நூல்களை ஏற்றிச் சென்றனர். நம் நாட்டு வண்டித் தடங்களுக்கு மாட்டு வண்டியே ஏற்றது. இக்கருத்தை ஏற்றுத் தம் பொருளைக் கொடுத்துச் செயலாக்கிய வள்ளல் காரைக்காலுக்குத் தென்மேற்கே உள்ள மன்னார்குடியில் இருந்தார். அவர் பெயர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை. நூல்களை அடுக்குதற்கேற்றவாறு அவர் அமைத்தளித்த வண்டி 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் புறப்பட்டது.

வைக்கோலும் நெல் மூட்டையும் ஏற்றிச் செல்லும் வண்டியையே கண்டு பழகிய சிற்றூர் மக்களின் முன் நூல் ஏற்றிய வண்டி வந்து நின்றது. நூலகம் என்ற சொல்லையே கேட்டறியாதார் தம் தெருவிலேயே நூலெடுத்தனர். கோயிலுக்கு வர இயலாதார்க்கு இறைவனே தேரேறி வீதிக்கு வருவதைக் கண்ட நாடு இது. அந்த வண்டியின் கருத்தை விளக்க வேறு உவமை வேண்டுவதில்லை. கனகசபைப் பிள்ளையைப் பற்றி நூலகத் துறையாரன்றிப் பிறர் அறியாமலிருப்பது வருந்தத்தக்கது. அறம் செய்தார் பலர் சத்திரமும் குளமும் அமைத்துப் பெயர் பெற்றனர். அவர் ஒரு வண்டியைச் செய்து அதில் நூல்களை ஏற்றினார்.

வள்ளல்களையே நம்பியிருத்தல் போதாது என்பதையும் அரங்கநாதனார் அறிந்திருந்தார். கொடுப்பவர் உள்ள ஊரில் நூலகம் இருக்கும். இல்லாத ஊரில் இராது. கொடுத்தவர் மறைந்தால் அதுவும் மறையலாம். ஆதலின் பள்ளிக்கூடம்போல நூலகமும் சட்டத்தின்வழி நிலைபெற வேண்டுமென முயன்றார். 1930-இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரிச் சட்ட முன்வடிவு ஒன்றை வெளியிட்டார். சென்னைச் சட்டமன்றத்தில் பின்னர் அது கொண்டுவரப்பெற்றும் நிறைவேறவில்லை. மனந்தளராது மீண்டும் மீண்டும் திருத்தி எழுதினார். கல்வி அமைச்சராக அவினாசிலிங்கஞ் செட்டியார் வந்தபின் கனிந்தது காலம். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் எழுந்த முதல் நூலகச் சட்டம் அதுவே. வீட்டுவரியோடு ஒரு சிறு நூலக வரியும் சேர்த்துத் தண்டப்பட்டு, அப்பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்ந்து, ஊர்தோறும் கிளை நூலகங்கள் எழுந்தன. சீர்காழியும் மன்னார்குடியும் அச்சட்டத்தின் எல்லைக்குள் அடங்கின. இரண்டுக்கும் இடைப்பட்ட காரைக்காலோ 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தமையால் அதற்குப் புறம்பாயிற்று.

தம் கனவு சட்டமான வேளையில் அரங்கநாதனார் சென்னையில் இல்லை. இருபது ஆண்டுகளுக்குமேல் உழைத்த பல்கலைக் கழகத்தில் நிருவாகத்தாரோடு கருத்து வேறுபாடு முதிர்ந்தது. 1945-இல் மனக்கசப்புடன் பதவியினின்றும் நீங்கினார். அப்போது அவருக்கு வயது 53. இனி ஓய்ந்திருக்கலாம் என்றெண்ணியவரை இராதாகிருஷ்ணனார் காசி இந்துப் பல்கலைக் கழகத்திற்கு அழைத்தார். அங்கே ஏறத்தாழ ஓரிலட்சம் நூல்கள் ஒழுங்கின்றிக் கிடந்தன. போதிய துணையாளர் இலர். ஒருவராகவே அமர்ந்து, ஒவ்வொரு நூலாக எடுத்துப் பார்த்து, பகுப்பெண்ணிட்டு, பதினெட்டுத் திங்களில் அவ்வளவையும் முறைப்படுத்தினார் என்பர். சினத்தை வேலையில் செலவிட்டவர் அவர். பின் 1947 முதல் 1954 வரை தில்லிப் பல்கலைக் கழகத்தில் நூலகவியல் கற்பித்தார். அதன்பின் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சில ஆண்டுகள் ஆராய்ச்சியில் ஈடுபட்டார்.

அரங்கநாதனாரின் வாழ்க்கை மிக எளியது. கதராடையே உடை. நாடோறும் நூலகத்திற்கு வருதல் அவர்க்கு வழிபாடு போன்றது. கடுமையாக வேலை வாங்குவார். அதனினும் கடுமையாகத் தாம் வேலை செய்வார். அவருடன் பணியாற்றியோர்க்கு இது எளிதாயிருந்திராது. அவருக்கு இருந்த பிடிவாதம் இன்றேல் பூட்டும் திறந்திராது, சட்டமும் வந்திராது என்பதையும் உடன் எண்ணல் வேண்டும். பொருளை அவர் செலவிட்டது குறைவு. சேர்ந்ததெல்லாம் அப்படியே இருந்தது. அச்சேமிப்பை அவர் என்ன செய்தார் என்பதுதான் அவர் வாழ்வில் மிக அரிய செய்தி. 1950-களின் பிற்பகுதியில், தம் வாழ்நாட் சேமிப்பாகிய ஓரிலட்சம் ரூபாயை, நூலகவியலில் ஒரு பேராசிரியப் பதவி அமைக்குமாறு கொடையாக வழங்கினார். பெற்றுக்கொண்டது எந்த நிலையம் என்பதை நோக்குங்கள். எந்தப் பல்கலைக் கழகத்தினின்றும் மனம் நொந்து வெளியேறினாரோ, அதே சென்னைப் பல்கலைக் கழகமே அது. அப்பதவிக்குத் தம் பெயரைத் தனித்து இடவில்லை; மனைவியார் பெயரை முன்னிறுத்திச் சாரதா அரங்கநாதன் பேராசிரியப் பதவி என வழங்கச் செய்தார். தம் கணவர் வீட்டுக்கென்று வைத்திருந்த பொருளை ஈந்தபோது அவ்வம்மையார் தடை சொல்லவில்லை. அவர் ஒப்பாதிருந்தால் அக்கொடை நிகழ்ந்திராது. பெயர் அவர்க்கு உரியதே.

1957-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. பெங்களூரில் 1962-இல் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தை நிறுவி, எழுபது வயதில் மறுபடியும் மாணவர் சூழ அமர்ந்தார். 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் சிறப்பு வந்தது. இடையில் தம் முதற்காதலாகிய கணிதத்தையும் மறவாமல், இராமானுசனைப் பற்றி ஒரு நூல் எழுதி 1967-இல் வெளியிட்டார். பெங்களூரிலும் சாரதா அம்மையார் பெயரைத் தாங்கிய அறக்கட்டளை ஒன்றை நூலகவியலுக்கென அமைத்தார். 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் அந்நகரிலேயே இயற்கை எய்தினார். அவர் எழுதிய நூல்களின் விற்பனையிலிருந்து ஆசிரியர்க்குரிய பங்கு அவர் விருப்பப்படியே அந்த அறக்கட்டளையைச் சேர்ந்தது.